மேலும் இரண்டு பாடங்கள்
டொரதி ஹொட்ஜ்கின் (1910 – 1994)

எந்த அரசினர் வைத்தியசாலைக்குப் போனாலும் மூன்று மருந்துகளைக் காணலாம். வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதடைந்த பிள்ளைக்குக் கிழமைக் கணக்குத் தவறாமல் போடப்படும் பெனிசிலின் ஊசி ஒன்று. குருதிச்சோகையால் வெளிறி, கால் விறைப்போடு வரும் முதியவருக்குப் போடப்படும் சிவப்பு நிறமான விற்றமின் பீ12 ஊசி மற்றொன்று. நீரிழிவு நோயாளி காலையும் மாலையும் தானே போட்டுக்கொள்ளும் இன்சுலின் மூன்றாவது. மருத்துவத்துறையில் இருக்கும் நாங்கள் நாளாந்தம் கையாளும் பொருட்கள் இவை. ஆனால் இந்த மூன்று மூலக்கூறுகளின் உள்ளமைப்பையும் உலகுக்குக் காட்டியது ஒரே பெண்மணியின் ஆய்வுகூடம் என்பது மருத்துவர்களுள்கூடப் பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் டொரதி மேரி குரோஃபுட் ஹொட்ஜ்கின். 1964ஆம் ஆண்டின் இரசாயனவியலுக்கான நோபல் பரிசை வேறு எவரோடும் பகிராமல் தனியே பெற்றவர். மேரி கியூரிக்கும் அவர் மகள் ஐரீனுக்கும் அடுத்ததாக அத்துறையில் அப்பரிசைப் பெற்ற மூன்றாவது பெண். அத்தகையவர் தம் 17ஆவது வயதில், பாடசாலைக் கல்வியை மிகச் சிறப்பாக முடித்த பின்னரும், பல்கலைக்கழக வாசலில் நின்றுவிட நேர்ந்திருக்கும். காரணம், தேவையான இரண்டு பாடங்கள் அவரிடம் இருக்கவில்லை. அந்த இரண்டு பாடங்களையும் அவர் எப்படிப் பெற்றுக்கொண்டார் என்பது, நம் சங்கத்தின் நூற்றாண்டில் நாம் அறிந்துகொள்ள வேண்டிய கதை. நம் சங்கம் தோன்றிய காலத்தை ஒட்டித்தான் டொரதியும் பாடசாலைச் சீருடையில் இருந்தார்.

பெற்றோர் தூரத்தில்

டொரதி 1910ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி எகிப்தின் கெய்ரோ நகரில் பிறந்தார். தந்தை ஜோன் குரோஃபுட் அங்கு கல்விச் சேவையில் பணியாற்றியவர். பின்னர் சூடானில் கல்விக்கும் தொல்பொருளியலுக்கும் பொறுப்பாக இருந்தவர். தாய் கிரேஸ் மேரி, வீட்டாருக்கு மொலி. அவர் பல்கலைக்கழகம் சென்றவரல்லர். திருமணத்துக்கு முன் இலண்டனில் மருத்துவிச்சிப் பயிற்சி பெற்றார். சூடானில் வாழ்ந்த காலத்தில் அந்நாட்டுத் தாவரங்களைத் தேடிச் சேகரித்து, வரைந்து, நூலாக்கினார். அங்குள்ள பெண்களோடு அமர்ந்து நூல் நூற்கவும் நெய்யவும் கற்றார். பிற்காலத்தில் பண்டைய துணிகளை ஆராயும் துறையில் முன்னோடியாக மதிக்கப்பட்டார். தாமாகவே கற்றுத் தேர்ந்தவர் ஒருவரை டொரதி வீட்டிலேயே கண்டார்.

1914இல் முதலாம் உலகப்போர் தொடங்கியபோது டொரதிக்கு நான்கு வயது. அவரும் இரு தங்கைகளும் இங்கிலாந்தில் பாட்டியின் பொறுப்பில் விடப்பட்டனர். பெற்றோர் திரும்பிச் சென்றனர். போர் முடியும்வரை பிள்ளைகள் தாயைக் கண்டது மிக அரிது. போரில் மொலியின் சகோதரர் நால்வரும் இறந்தனர். போரின் பின் தாய் சிறிது காலம் பிள்ளைகளோடு தங்கி, தாமே பாடம் சொல்லிக்கொடுத்தார். 1920ஆம் ஆண்டு, சஃபொக் மாவட்ட எல்லையில் பெக்கிள்ஸ் என்னும் சிறு பட்டினத்துக்கு அருகேயுள்ள ஜெல்டெஸ்டன் கிராமத்தில் குடும்பம் வீடெடுத்தது. அதன் பின்னும் பெற்றோர் ஆண்டின் பெரும்பகுதியை வெளிநாட்டிலேயே கழித்தனர். நால்வரில் மூத்தவளான டொரதி, தங்கைகளைப் பார்த்துக்கொண்டு, தன் வேலையைத் தானே செய்து வளர்ந்தாள். பெற்றோர் கடல் கடந்திருக்க, அம்மம்மாவிடமும் உறவினரிடமும் வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே நிறைய உண்டு. அந்தத் தனிமையும், அது சிறுவயதிலேயே தரும் பொறுப்பும் நமக்கு அந்நியமானவையல்ல.

பையன்களின் வகுப்பில் இரு பெண்கள்

பத்து வயதில் ஒரு சிறிய வகுப்பில் படிகாரமும் செப்புச் சல்பேற்றும் கொண்டு பளிங்கு வளர்க்கக் கற்றாள். நாமெல்லாம் ஆய்வுகூடத்தில் செய்து பார்த்த அதே பரிசோதனைதான். கரைசலை ஆறவிட்டால் ஓரிரு நாளில் நீல நிறப் பளிங்குகள் தாமாக உருவாகி நிற்கும். பார்த்து வியந்துவிட்டு நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம், டொரதி போகவில்லை. வீட்டின் மேல்மாடத்தில் ஒரு சிறு ஆய்வுகூடம் அமைத்தாள். பட்டினத்து மருந்துக்கடையில் இரசாயனப் பொருட்களை வாங்கிவந்து, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

1921இல் பெக்கிள்ஸில் உள்ள சேர் ஜோன் லீமன் பாடசாலையில் சேர்ந்தாள். அது ஆணும் பெண்ணும் பயிலும் அரச உதவி பெற்ற பாடசாலை. ஆனால் இரசாயனவியல் வகுப்பு பையன்களுக்கே; அந்நேரத்தில் பெண்பிள்ளைகளுக்கு மனையியல். டொரதியும் இன்னொரு மாணவியும் இரசாயனவியல் வகுப்பில் இருக்க அனுமதி கேட்டனர். அனுமதி கிடைத்தது. அந்தப் பாடத்தைக் கற்பித்தவர் டீலி என்னும் ஓர் ஆசிரியை. விதி இப்படித்தான் என்று சொல்லி இருவரையும் திருப்பி அனுப்பியிருந்தால், அது பற்றி அன்று எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள்.

13 வயதில் பெற்றோரைக் காணக் கார்ட்டூம் சென்றாள். அங்கே மண் ஆய்வு செய்யும் இரசாயனவியலாளரான கலாநிதி ஜோசப் என்பவர் தந்தையின் நண்பர். ஆற்று மணலை அலசி அதில் பொன்துகள் தேடும் தொழிலாளரை அவள் கண்டிருந்தாள். வீட்டு வாய்க்காலில் தானும் அவ்வாறே அலசியபோது கறுப்பு நிறமான ஒரு கனிமம் மிஞ்சியது. அதை எடுத்துக்கொண்டு ஜோசப்பிடம் சென்றாள். இது இன்னது என்று சொல்லி அவர் அனுப்பிவிடவில்லை; சோதித்து அறியும் முறையைக் காட்டி, அவளையே கண்டுபிடிக்க வைத்தார். பின்னர் கனிமங்களைப் பகுப்பாய்வு செய்வதற்கான ஒரு பெட்டியையும் பரிசாகக் கொடுத்தார். அந்தப் பெட்டி ஜெல்டெஸ்டன் மேல்மாடத்துக்கு வந்து சேர்ந்தது.

உயிர்இரசாயனவியல் நூலொன்றை வாசித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒருமுறை டொரதிக்கு மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. மற்றப் பிள்ளைகள் கைக்குட்டையைத் தேடுவர். அவளோ சோதனைக் குழாயைத் தேடினாள். அந்த இரத்தத்தைச் சேகரித்து, புத்தகத்தில் கூறியபடி குருதியின் நிறப்பொருளிலிருந்து ஒரு சேர்வையைப் பிரித்தெடுக்கப் பயன்படுத்தினாள்.

16ஆவது பிறந்தநாளுக்குத் தாய் ஒரு புத்தகம் அனுப்பினார். நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஹென்றி பிராக், இலண்டன் றோயல் நிறுவகத்தில் சிறுவருக்கு ஆற்றிய நத்தார் விரிவுரைகளின் தொகுப்பு அது. எக்ஸ் கதிரைப் பளிங்கினூடாகச் செலுத்தினால், அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதை அறியலாம் என்று அந்நூல் விளக்கியது. மேல்மாடத்தில் வளர்ந்த பளிங்குகளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை தேட ஒரு வழி உண்டு என்பதை அவள் அறிந்துகொண்டாள்.

போதாமற்போன பெறுபேறு

1927ஆம் ஆண்டு பாடசாலை இறுதிப் பரீட்சை எழுதினாள். பெறுபேறு மிகச் சிறப்பாக இருந்தது; பல பாடங்களில் அதிவிசேட சித்தி. ஒக்ஸ்போர்ட்டில் பெண்களுக்கான சமர்வில் கல்லூரியில் சேர்ந்து இரசாயனவியல் படிப்பது என்று முடிவாயிற்று.

அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. ஒக்ஸ்போர்ட்டில் எந்தத் துறையைப் படிக்க விரும்பினாலும் இலத்தீன் மொழியில் சித்தியடைந்திருக்க வேண்டும். இரசாயனவியலுக்கும் இலத்தீனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டுப் பயனில்லை. அது அன்றைய விதி. வசதியான குடும்பத்துப் பையன்கள் எட்டு ஒன்பது வயதிலேயே இலத்தீன் தொடங்கிவிடுவார்கள். சிறுபட்டினத்துப் பாடசாலையில் பயின்ற டொரதி அதைப் படித்திருக்கவில்லை. அத்தோடு, இரசாயனவியலுக்கு மேலதிகமாக இன்னுமொரு விஞ்ஞான பாடமும் தேவைப்பட்டது.

ஒக்ஸ்போர்ட் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியதே 1920இல்தான். 1927இல் பெண் மாணவிகளின் தொகைக்குப் பல்கலைக்கழகம் ஓர் உச்சவரம்பையும் விதித்தது. வாசல் ஒடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு புதிய பாடங்களை அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. முன்னால் இருந்தது ஏறக்குறைய ஓராண்டு.

ஒரு பாடத்தைப் பிந்தித் தொடங்குவது எத்தகையது என்பதை அனுபவித்தவர்களே அறிவர். மற்றவர்கள் ஐந்து ஆண்டுகளாகப் படிப்படியாக ஏறிய படிகளை மூச்சுவிடாமல் ஏற வேண்டும். இலத்தீனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் வேற்றுமைக்கு ஏற்ப உருமாறும். வினைச்சொற்கள் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும். அத்தனை வாய்பாடுகளும் மனனமாக வேண்டும். விளங்கிக்கொண்டால் மட்டும் போதாது, பழக வேண்டும். அதற்கு நாட்கள் வேண்டும். அவளிடம் நாட்களே குறைவாக இருந்தன.

பாடசாலைத் தலைமை ஆசிரியர் இலத்தீனைத் தாமே தனியாகச் சொல்லிக்கொடுக்க முன்வந்தார். கால அட்டவணையில் இல்லாத பாடம். ஒரே ஒரு மாணவி. எஞ்சிய விஞ்ஞான பாடமாகத் தாவரவியலைத் தெரிவு செய்தாள். அதற்கு வீட்டிலேயே ஆசான் இருந்தார். சூடான் நாட்டுப் பூக்களையெல்லாம் கைப்பட வரைந்த தாயை விடத் தாவரவியலுக்கு நல்ல துணை எங்கே கிடைக்கும்? ஆனாலும் தலைமை ஆசிரியர் வழிகாட்டலாம், தாய் செடியைக் காட்டலாம். புத்தகத்தோடு தனியே அமர்ந்து மனனம் செய்யும் நேரத்தை வேறு எவராலும் அவளுக்காகச் செலவிட முடியாது. அதை அவள் செலவிட்டாள். இரண்டு பாடங்களிலும் சித்தியடைந்தாள். 1928ஆம் ஆண்டு சமர்வில் கல்லூரி வாசல் திறந்தது.

ஒக்ஸ்போர்ட் செல்லுமுன் சில மாதங்கள் பெற்றோரோடு ஜோர்தானில் உள்ள ஜெரஷ் என்னும் தொல்லியல் தளத்தில் கழித்தாள். பழைய பைசாந்தியத் தேவாலயங்களின் தரைகளில் பதிக்கப்பட்டிருந்த வண்ணக்கல் கோலங்களை அளந்து, அளவுப்படி வரைவது அவள் வேலை. ஒரே உரு மீண்டும் மீண்டும் ஒழுங்காக வந்து தளம் முழுவதும் பரவும் அந்த அமைப்புகளைத் துல்லியமாக வரையக் கற்றாள். பளிங்கொன்றின் உள்ளே அணுக்கள் செய்வதும் அதையே. பரீட்சைக்கு உதவாத அந்த வேலை, பின்னர் அவர் வாழ்நாள் தொழிலுக்கு நல்ல பயிற்சியாயிற்று.

காணமுடியாததைக் காணும் கலை

1932இல் டொரதி முதல் வகுப்பில் சித்தியடைந்தார். தொடர்ந்து கேம்பிரிட்ஜில் ஜே.டி. பேர்னல் என்னும் விஞ்ஞானியின் ஆய்வுகூடத்தில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். எக்ஸ் கதிர்ப் பளிங்கியல் அவருடைய துறையாயிற்று.

அந்த முறையைச் சுருக்கமாகச் சொல்வதானால் இப்படி: ஒரு மண்டபத்துக்குள் தூண்கள் எவ்வாறு நிறுத்தப்பட்டுள்ளன என்பதை, உள்ளே நுழையாமல், அவற்றினூடே வரும் ஒளியின் சிதறலை மட்டும் வெளியே நின்று பார்த்துக் கணிக்க வேண்டும். எக்ஸ் கதிர் பளிங்கில் பட்டுச் சிதறி, ஒளிப்படத் தகட்டில் நூற்றுக்கணக்கான புள்ளிகளாக விழும். ஒவ்வொரு புள்ளியின் செறிவையும் கண்ணால் மதிப்பிட்டு, மணிக்கணக்காக அல்ல, மாதக்கணக்காகக் கணித்தால், இலத்திரன்கள் செறிந்துள்ள இடங்களின் வரைபடம் சிறிது சிறிதாகத் தெளியும். இன்று கணினி நிமிடங்களில் முடிக்கும் வேலை அன்று பென்சிலாலும் காகிதத்தாலும் செய்யப்பட்டது.

1934இல் பேர்னலின் ஆய்வுகூடத்தில் பெப்சின் என்னும் சமிபாட்டு நொதியத்தின் தெளிவான எக்ஸ் கதிர்ப் படம் கிடைத்தது. பளிங்கை உலரவிடாமல் அதன் கரைசலிலேயே வைத்துப் படமெடுத்ததால் கிடைத்த வெற்றி அது. புரதங்களுக்கும் ஒழுங்கான கட்டமைப்பு உண்டு என்பது அன்று தெளிவாயிற்று. அந்தப் படம் எடுக்கப்பட்ட நாளில் டொரதி ஆய்வுகூடத்தில் இருக்கவில்லை. கைவிரல் மூட்டுகளில் ஏற்பட்ட வலிக்காக இலண்டனில் ஒரு வைத்திய நிபுணரைக் காணச் சென்றிருந்தார். அவருக்கு முடக்குவாதம் எனப்படும் மூட்டழற்சி நோய். வயது 24.

இந்த நோயாளர்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கா. சட்டைப் பொத்தான் பூட்ட முடியாது. ஆண்டுகள் செல்ல விரல்கள் பக்கவாட்டில் கோணும். இன்று அந்த நோயின் போக்கைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் உண்டு. அன்று அவை இல்லை. டொரதியின் தொழிலோ உப்புக்கல்லிலும் சிறிய பளிங்கை நுண்ணிய கண்ணாடி இழையின் முனையில் நிறுத்தும் தொழில். ஒக்ஸ்போர்ட்டில் அவருக்குக் கிடைத்த இடம் பல்கலைக்கழக நூதனசாலையின் கீழ்த்தளத்தில் ஒரு மூலை. நுணுக்குக்காட்டியில் பளிங்கைப் பார்ப்பதற்கு, அதை ஒரு கையில் ஏந்திக்கொண்டு ஏணியில் ஏறி மேலேயுள்ள யன்னலோரம் போக வேண்டும். எக்ஸ் கதிர் இயந்திரத்தின் ஆளியை அழுத்த விரல்களில் வலு இல்லாதபோது அதற்கு நீண்ட நெம்புகோல் ஒன்றைப் பொருத்தச் செய்தார். வேலையை நிறுத்தவில்லை.

1937இல் தொமஸ் ஹொட்ஜ்கினை மணந்தார்; அவர் பின்னாளில் ஆபிரிக்க வரலாற்றறிஞராகப் புகழ்பெற்றவர். பிள்ளைகள் மூவர். மூத்த பிள்ளை பிறந்ததும் மூட்டழற்சி கடுமையாகி, பல கிழமைகள் சிகிச்சை பெற வேண்டியிருந்தது. ஒக்ஸ்போர்ட் இரசாயனவியல் ஆசிரியர்களின் கழகக் கூட்டங்களுக்குப் பெண்கள் அழைக்கப்படாத காலம் அது. மாணவர்கள் தங்கள் கழகத்துக்கு அவரை அழைத்துப் பேசவைத்தனர்.

மூன்று மருந்துகள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெனிசிலின் உயிர் காக்கும் மருந்தெனத் தெரிந்துவிட்டது. ஆனால் அதன் அமைப்பு எவருக்கும் தெரியாது. அது தெரிந்தால் செயற்கையாகச் செய்யலாம் என்ற எதிர்பார்ப்பில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் உழைத்தனர். 41 அணுக்களே உள்ள சிறிய மூலக்கூறு. இருந்தும் முதுபெரும் இரசாயனவியலாளர்களிடையே அதன் வடிவம் பற்றிக் கடும் கருத்து வேறுபாடு நிலவியது. டொரதியும் அவருடைய மாணவியான பார்பரா லோவும் 1945இல் விடையைக் கண்டனர். மூலக்கூறின் நடுவே நான்கு அணுக்களால் ஆன, இறுக்கமான ஒரு சதுர வளையம் இருந்தது. நிலைத்திருக்க முடியாதது என்று பலர் ஒதுக்கிய அமைப்பு அதுவே. இன்று நாம் பீற்றா லக்ரம் என்று சொல்லும் அந்த வளையத்தில்தான் பெனிசிலினின் ஆற்றல் தங்கியிருக்கிறது. அமொக்சிசிலின் முதலாகப் பின்னர் வந்த எத்தனையோ நுண்ணுயிர்க்கொல்லிகளின் அடித்தளமும் அதுவே.

அடுத்தது விற்றமின் பீ12. உயிர்கொல்லும் குருதிச்சோகைக்கு ஒரு காலத்தில் நோயாளி நாளாந்தம் ஈரல் உண்ண வேண்டியிருந்தது. 1948இல் ஈரலிலிருந்த மருந்துப்பொருள் சிவப்புப் பளிங்காகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதில் 181 அணுக்கள். அத்தனை பெரிய மூலக்கூறை எக்ஸ் கதிரால் அறிய முடியும் என்று அன்று மிகச் சிலரே நம்பினர். எட்டு ஆண்டுகள் உழைப்பு. அமெரிக்காவில் கெனெத் ட்ரூபிளட் என்பவர் அக்காலத்துப் பெருங்கணினியில் கணித்துக் கொடுத்த உதவி. 1956இல் முழு அமைப்பும் வெளிவந்தது. நடுவில் ஒரு கோபால்ற்று அணுவும், அதைச் சுற்றி அதுவரை எவரும் கண்டிராத ஒரு வளையமும் இருந்தன. 1964இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது டொரதி கானா நாட்டில், அங்கு பணியாற்றிய கணவரோடு இருந்தார். மறு ஆண்டு பிரித்தானியாவின் மிக உயர்ந்த கௌரவங்களுள் ஒன்றான ஓடர் ஒஃப் மெரிட் கிடைத்தது. புளோரன்ஸ் நைட்டிங்கேலுக்குப் பின் அதைப் பெற்ற இரண்டாவது பெண் அவரே.

மூன்றாவது இன்சுலின். அதுவே மிக நீண்ட கதை. 1934இல் பேராசிரியர் ரொபேர்ட் ரொபின்சன் சிறிதளவு இன்சுலினை அவரிடம் கொடுத்தார். அதைப் பளிங்காக்கிப் படமெடுத்து, இரவில் தகட்டைக் கழுவிப் பார்த்தபோது புள்ளிகள் தெரிந்தன. அந்த மகிழ்ச்சியில் உறக்கமின்றி ஒக்ஸ்போர்ட் தெருக்களில் நடந்து திரிந்தார். ஆனால் அந்தப் புள்ளிகளை வாசிக்கும் வழி அப்போது உலகில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பெனிசிலின் முடிந்தது, பீ12 முடிந்தது, நோபல் பரிசும் வந்தது, இன்சுலின் காத்திருந்தது. முறைகள் வளர வளர அதற்கு மீண்டும் மீண்டும் திரும்பினார். இறுதியில் 1969இல், முதற்படம் எடுத்து 34 ஆண்டுகளின் பின், இன்சுலினின் அமைப்புத் தெளிந்தது. அந்த வெற்றியில் பங்கெடுத்த இளையோருள் கை டொட்சன், எலினோர் டொட்சன், ரொம் பிளண்டெல் ஆகியோரோடு இந்தியாவிலிருந்து சென்ற எம். விஜயனும் ஒருவர். அவர் பின்னர் பெங்களூரில் புரதப் பளிங்கியல் துறையைக் கட்டியெழுப்பினார். இன்சுலின் மூலக்கூறுகள் ஆறாறாகச் சேர்ந்து நிற்பதையும் பின் பிரிவதையும் அறிந்ததால்தான், பின்னர் விரைந்து வேலை செய்யும் புதிய இன்சுலின் வகைகளைத் திட்டமிட்டு ஆக்க முடிந்தது.

மனிதராக

டொரதியின் ஆய்வுகூடத்தில் பல நாட்டு இளையோர் இருந்தனர். பெண்களும் நிறைய இருந்தனர். மார்கரெட் தட்சர் அரசியலுக்கு வருமுன் அவரிடம் இரசாயனவியல் பயின்றவர். இருவரின் அரசியலும் எதிரெதிர் துருவங்கள். ஆயினும் ஒருவரையொருவர் மதித்தனர். போரில் தாய்மாமன்மார் நால்வரையும் இழந்த குடும்பத்துப் பெண் அணுவாயுதங்களுக்கு எதிராகக் குரல் கொடுத்ததில் வியப்பில்லை. 1976 முதல் 1988 வரை, விஞ்ஞானிகளின் சமாதான இயக்கமான பக்வொஷ் அமைப்பின் தலைவராக இருந்தார். 1970 முதல் 1988 வரை பிரிஸ்டல் பல்கலைக்கழக வேந்தராகவும் விளங்கினார். 1993இல் பீஜிங்கில் நடந்த சர்வதேசப் பளிங்கியல் மாநாட்டுக்கு, உடல் மிகத் தளர்ந்த நிலையில், சக்கர நாற்காலியில் சென்றார். 1994 யூலை 29ஆம் திகதி காலமானார்.

நமக்கு

டொரதி தாமே முயன்று படித்தார் என்பது உண்மை. தனியே படித்தார் என்பது உண்மையல்ல. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை நாம் கவனிக்க வேண்டும். தம் முயற்சியால் முன்னேறியவர்களின் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, மனமிருந்தால் இடமுண்டு என்று முடித்துவிடுகிறோம். அது கேட்கும் பிள்ளைக்குப் பாரமாகலாம். முடியாமற்போனால் மனமில்லாததே காரணம் என்றாகிவிடும். பையன்களின் வகுப்பில் இடம் கொடுத்த ஓர் ஆசிரியை, விடையைச் சொல்லாமல் வழியைக் காட்டிய ஒரு குடும்ப நண்பர், தகுந்த நேரத்தில் தகுந்த புத்தகத்தை அனுப்பிய தாய், ஒரே ஒரு மாணவிக்காக இலத்தீன் கற்பித்த தலைமை ஆசிரியர். இந்தப் பட்டியலில் பெருஞ்செலவு ஏதுமில்லை. ஆனால் இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த மேல்மாட ஆய்வுகூடம் ஒரு சிறுமியின் விளையாட்டாகவே முடிந்திருக்கக்கூடும்.

நம் நாட்டில் இன்றும் உயர்தர விஞ்ஞானப் பிரிவு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. பிரிவு இருந்தும் பௌதிகவியலுக்கோ இணைந்த கணிதத்துக்கோ ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் உண்டு. பக்கத்துப் பட்டினத்து ரியூசனுக்குப் போக பஸ் காசு இல்லாத பிள்ளைகள் உண்டு. மாலையானால் தனியே அனுப்பப் பயப்படும் பெற்றோரும் உண்டு. இத்தகைய பிள்ளை விரும்பியதை விட்டு, கிடைப்பதைப் படிக்கிறாள். விட்டுவிட்ட அந்தப் பாடத்தில் அவள் என்ன ஆகியிருப்பாள் என்பதை நாம் ஒருபோதும் அறியமாட்டோம். எந்தப் புள்ளிவிபரத்திலும் அந்த இழப்புப் பதிவாவதில்லை.

போர்க்காலத்தில் குப்பி விளக்கின் வெளிச்சத்தில், ஒரே புத்தகத்தை நால்வர் மாறி மாறிப் பிரதிபண்ணிப் படித்த தலைமுறை நம்மிடையே இருக்கிறது. வராத பாடத்தைக் கற்றுக்கொள்வது எப்படி என்பது அந்தத் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆசிரியைகளாகவும் இருக்கிறார்கள். நம் சங்கம் கட்டடத்துக்கும் மேடைக்கும் நிதி திரட்டியிருக்கிறது; அது தேவையானதே. அடுத்த நூற்றாண்டில் அதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வோம். ஒவ்வொரு வருடமும் க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும், படிக்க விரும்பிய பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் நிற்கும் மாணவி யார் என்று அதிபரிடம் கேட்போம். அவளுக்குக் கிழமையில் இரண்டு மணிநேரம் ஒதுக்க நம்மில் ஒருவராவது இருப்போம். இன்றைய வசதிகளில் அதற்குக் கடல் ஒரு தடையல்ல.

மிகுதியை அவள் பார்த்துக்கொள்வாள்.